மல்லாட்டை எண்ணெயில் ஓடும் வண்டி

உலகம் அழிந்த பிறகு எந்த வண்டி ஓடும்? சினிமா பார்த்தவர்களைக் கேட்டால் எட்டு சிலிண்டர் பெட்ரோல் கார் என்பார்கள். எங்கள் நைனார்பாளையத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருந்த அண்ணன் யோசிக்கவே இல்லை. "டிராக்டருதான். வேற எது ஓடப் போவுது?" என்றார். 2017 கோடையில், கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து நான் செய்த பொம்மை வண்டி அந்தப் பதிலுக்குக் கட்டுப்பட்டுத்தான் உருவம் எடுத்தது. நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு காரியத்துக்கும் உதவாது. ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர் கணக்குக் கேட்டிருக்கிறார்.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பிளாஸ்டிக் மாடல் ஒட்டும் பழக்கம் எனக்கு வந்தது. பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாக உறுப்புகள் இருக்கும். வெட்டியெடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பசை தொட்டு, படத்தில் உள்ளபடி சேர்க்க வேண்டும். ராணுவ வண்டிகளுக்கு வழக்கமான அளவு 1/35. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து தமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் டாங்கி ஒன்றைப் பொம்மையாகச் செய்தது. அதன் வயிற்றுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று பார்த்து வைத்த அளவு அது. பேட்டரிக்காகப் போட்ட கணக்கை உலகமே பிறகு பின்பற்ற ஆரம்பித்தது. 1/35-ல் ஐந்தடி ஏழங்குல ஆள் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே நிற்பான்.

வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது ஓர் அட்டைப்பெட்டியும் கூட வந்தது. உள்ளே பாதியில் நின்ற மாடல்கள்: ரஷ்ய டி-34 டாங்கி ஒன்றின் பாதி, அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்று, கூரை பிய்ந்த பொம்மை பஸ், எதிலும் சேராத உதிரிகள். ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கல்வராயன் மலை ஞாபகம் வரும். மஹிந்திரா கம்பெனி 1947-ல் வண்டித் தொழிலுக்குள் நுழைந்ததே வில்லிஸ் ஜீப்பைத் தருவித்து இங்கே பூட்டி விற்றுத்தான். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆட்களையும் மூட்டைகளையும் அடைத்துக்கொண்டு ஏறிய ஜீப்புகள் அந்த வம்சத்தின் பேரப்பிள்ளைகள். ஜப்பான்காரன் அச்சில் வார்த்த அமெரிக்க ஜீப்பின் முகம் எனக்கு மலைக்குப் போகும் சித்தப்பா வண்டியாகத்தான் தெரிந்தது.

புதிதாக எதையும் வரவழைக்கும் நிலையில் நான் இல்லை. சம்பளமும் இல்லை, கூரியர்காரர் சின்னசேலத்தைத் தாண்டி வருவதும் இல்லை. இருப்பதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும். சென்னையில் 2015-ல் பார்த்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' மனதில் இருந்தது. அதை எடுத்த ஜார்ஜ் மில்லர் டாக்டராக இருந்து இயக்குநரானவர். அந்தப் படத்தின் வண்டிகளை உருவாக்கிய கலை இயக்குநர் காலின் கிப்சனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. படத்துக்கு மொத்தம் ஆறு. பெரிய லாரி ஒன்றுக்கு அடியில் செக்கோஸ்லோவாக்கிய டாட்ரா, மேலே பழைய ஷெவர்லே உடம்பு. வில்லனின் வண்டியில் 1959 மாடல் கேடிலாக் கார்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு கார்கூட யாரிடமும் இல்லாத உலகத்தில் இவனிடம் இரண்டு இருக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது அது. பாலைவனம் வேண்டுமென்று ஆஸ்திரேலியாவில் இடம் பார்த்து வைத்தார்கள். அங்கே மழை கொட்டிப் பூவாகப் பூத்துவிட்டதால் நமீபியாவுக்குப் போனார்கள். 2017-ல் எங்கள் பக்கம் வந்திருக்கலாம். செலவு குறைந்திருக்கும்.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டம். கள்ளக்குறிச்சி தனியாகப் பிரிந்தது 2019 நவம்பரில். மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. கரும்பு போட்டவர்கள் டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தார்கள். இரவெல்லாம் எங்காவது ஒரு மூலையில் ரிக் வண்டி இரைந்துகொண்டிருக்கும். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளை போடுகிற வண்டிகள் அவை. கம்பம் நிமிர்ந்து நிற்கும், பாறைப்பொடி வெள்ளையாக எழும்பி ஆட்களை மூடும். வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் முகத்தில் துணி கட்டியிருப்பார்கள். டீக்கடையில் ஆயிரம் அடி என்ற பேச்சு சாதாரணமாக அடிபட்டது. சினிமாவில் பெட்ரோலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். இங்கே எதற்கு அடித்துக்கொள்வார்கள் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. என் வண்டி ரிக் வண்டியாகத்தான் இருக்க முடியும் என்று தீர்மானித்தேன்.

முதலில் எல்லா மாடல்காரர்களும் செய்வதையே செய்தேன். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு விண்கப்பல் செய்தவர்கள் டாங்கி, கப்பல், கார் மாடல் பெட்டிகளைக் குவியலாக வாங்கி, அவற்றின் உறுப்புகளைக் கப்பலின் மேல்தோல் முழுக்க ஒட்டினார்கள். எது என்னவென்று தெரியாது, ஆனால் பெரிய இயந்திரம் என்ற மயக்கம் வரும். விண்கப்பலுக்கு இந்த வித்தை பொருந்தும். அதை ரிப்பேர் பார்த்தவன் பூமியில் எவனும் இல்லை. நானும் டி-34-இன் உறுப்புகளை ஜீப்பின் மேல் அப்பி, பம்பரில் ஈட்டி ஈட்டியாகக் கம்பி வைத்து, பட்டறைக்கு எடுத்துப்போனேன்.

அண்ணன் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். அவருக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரியவில்லை. யாரோ ரிப்பேருக்குக் கொண்டுவந்து விட்ட வண்டியாகத்தான் பார்த்தார்.

"டீசல் எங்க ஊத்துவ?"

காட்டினேன்.

"இது என்னாத்துக்கு ஈட்டி? மக்காச்சோளக் கொல்லையில எறங்குனா தட்டையெல்லாம் இதுல சுத்திக்குமே."

"பாக்குறதுக்கு பயமா இருக்கணும்ணே."

"யாரு பயப்படுவா? அவனவன் தண்ணியில்லாம கெடக்கான். சரி, இந்த டாங்கி செயின் எதுக்கு? ஒரு பின்னு அறுந்தா கொல்லையில நின்னு யாரு அடிச்சு மாட்டுறது? டயரு போட்டா ஒரு பஞ்சர்தான். பஞ்சர ஒட்டிக்கலாம்."

பிறகு அவர் கேட்டதுதான் என் பொம்மையின் தலையெழுத்தை மாற்றியது. "ஜீப்பு பெட்ரோலா டீசலா? பெட்ரோலுன்னா அந்தாண்ட வை. பங்க் மூடி ஆறு மாசம் போச்சுன்னா இருக்குற பெட்ரோலே கெட்டுப்பூடும். டீசல் இஞ்சின்னா மல்லாட்ட எண்ணெய ஊத்தி ஓட்டிரலாம்."

எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். வாய்க்கு வந்ததை அவர் சொல்லவில்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இஞ்சினை நிலக்கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். ருடால்ஃப் டீசல் தன் கடைசிக் காலத்தில் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். பாரிஸ் கதையை நான் சொன்னபோது அண்ணன் அதிசயப்படவில்லை. எண்ணெய் கெட்டியாக இருக்கும், சூடு பண்ணாமல் பம்பு இழுக்காது, அதற்கு அந்த வெள்ளைக்காரர் என்ன செய்தார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார்: "சைலன்சர்ல செம்புக் குழாய நாலு சுத்து சுத்தி அது வழியா எண்ணெயக் கொண்டா. முதல்ல கொஞ்சம் நல்ல டீசல்ல ஸ்டார்ட் பண்ணு. சூடானதும் மாத்திக்க." ஆகவே வண்டிக்கு இரண்டு டேங்க்: சின்னது டீசலுக்கு, பெரியது எண்ணெய்க்கு, நடுவில் திருப்புகிற ஒரு வால்வு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்தேன். ஜீப்பின் சேஸை நடுவில் அறுத்து நீட்டினேன். இஞ்சினை மட்டும் முழுக்க நானே செய்ய வேண்டியிருந்தது. டிராக்டர் இஞ்சின் எந்தப் பெட்டியிலும் இல்லை. பட்டறையில் அப்போது ஒரு மாஸி ஃபெர்குசன் 1035 பிரித்துக் கிடந்தது. உள்ளே சென்னை செம்பியத்து சிம்ப்சனின் மூன்று சிலிண்டர் இஞ்சின். ஸ்கேலும் நோட்டும் எடுத்துப்போய் அளந்து, முப்பத்தைந்தால் வகுத்தேன். பிளாக், பழைய சிடி உறைகளை அறுத்து அடுக்கி ஒட்டியது. ஹெட் போல்ட்டுகளுக்கு, மாடல் சட்டத்தின் துண்டை விளக்கில் காட்டி இளகியதும் இழுத்தால் நூல்போல் நீளும். அதைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொள்ளலாம். எண்ணெய் பில்டர்கள் பால்பாயிண்ட் பேனாவின் முனை. எண்ணெயில் வண்டல் அதிகம் என்பதால் பில்டர் இரண்டு. சைலன்சர் ஆட்டு மருத்துவர் தூக்கிப்போட்ட ஊசி. அதில் சுற்றியது மோட்டார் காயில் செம்புக்கம்பி. எட்டி நின்று பார்த்தால் அந்தச் சுற்று ஓர் அலங்காரம் மாதிரிதான் தெரியும். எனக்கும் அண்ணனுக்கும் அது எதற்கென்று தெரியும்.

பொருட்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் யாரும் சொல்லித் தருவதில்லை. மாடல் பெட்டி உறுப்புகள் பாலிஸ்டைரீன். அதற்கான பசை உண்மையில் பசை இல்லை. இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும் திரவம். சின்னசேலம் ஃபேன்சி ஸ்டோரில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் கிடைக்கும், அதுவும் கரைக்கும். மீந்த சட்டத் துண்டுகளை அதில் ஊறப்போட்டால் கூழாகி, இடுக்கு அடைக்கும் பட்டியாகப் பயன்படும். மூடியைத் திறந்து வைத்து வேலை செய்தால் தலை சுற்றும், நெருப்பு பக்கத்தில் இருக்கவே கூடாது. வீட்டுக் குப்பையில் கிடைக்கிற டப்பாவைத் திருப்பினால் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 6 என்றால் ஸ்டைரீன், அது எனக்கு. 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், அது அம்மாவின் அடுக்களைக்கு. ஃபெவிகுயிக்கோ எம்-சீலோ எது போட்டாலும் 5-இல் நாளைக்கு உரிந்து வரும். பாட்டில் மூடிகளும் அந்த ஜாதிதான்.

அந்த மூடிகள்தான் சக்கரம் என்பதால் சிக்கல். குளிர்பான பாட்டில் மூடியின் குறுக்களவு சுமார் 3 சென்டிமீட்டர். முப்பத்தைந்தால் பெருக்கினால் 105 சென்டிமீட்டர். அச்சு அசலாக 10.00-20 லாரி டயர். டிராக்டரின் பின் டயர் இன்னும் பெரியது, 13.6-28, அதற்கு வாயகன்ற ஜூஸ் பாட்டில் மூடி சரியாக வந்தது. ஒட்டாது என்பதால் சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மூடியின்மேல் இழுத்து மாட்டினேன். ரப்பர் தன் இறுக்கத்திலேயே பிடித்துக்கொண்டது. ரப்பருக்கு மேல் ரப்பர் ஃபெவிகுயிக்கில் கச்சிதமாக ஒட்டும், ஆகவே டிராக்டர் டயரின் பட்டன்களை டியூபிலிருந்தே நறுக்கி 'வி' வடிவில் ஒட்டினேன். ஒரு பக்க டயரைக் கழற்றித் திருப்பிப் போடச் சொன்னார் அண்ணன். அந்த 'வி' எழுத்தின் முனைதான் முதலில் தரையைத் தொட வேண்டுமாம், அப்போதுதான் சேறு வெளியே தள்ளும்.

டி-34-இன் சக்கரங்கள் வீணாகவில்லை. செயினைத் தூக்கிப்போட்டு, சக்கரங்களை பெல்ட் புல்லியாகவும், கம்பத்தை நிமிர்த்தும் வின்ச்சாகவும் மாற்றினேன். பஸ்ஸின் கூரை தண்ணீர்த் தொட்டியின் மேல்தகடு ஆனது. கமான் பட்டைகளுக்கு பிளாஸ்டிக் வேண்டாம் என்று பழைய கடிகாரத்தின் ஸ்பிரிங்கை நறுக்கினேன். அழுத்தினால் நிஜமாகவே அமுங்கி எழும். பழைய இரும்புக் கடையில் ஒரு கடிகாரத்தைக் கிலோ கணக்கில் விலை பேசுவது எப்படி என்பது வேறு கதை. என் சிறுவயதில் இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவர் அதே தெருவில்தான் சைக்கிளில் வருவார். எதை எடுத்துக்கொண்டு எதைத் தருகிறார்கள் என்பதில் எனக்கு அப்போதே ஒரு கண்.

பாகங்களைக் கலந்து வண்டி கட்டுவது எங்கள் சாலையில் ஒரு விசித்திரமே இல்லை. உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் நின்றால் வெறும் சேஸ் வண்டிகள் வரிசையாகப் போகும். கேபின் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. பலகை அடித்த இருக்கையில் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டு ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பார். நாமக்கல்லுக்கோ கரூருக்கோ போனால் அங்கே தச்சரும் கொல்லரும் சேர்ந்து மேல்பாகத்தைக் கட்டுவார்கள். லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்கு கரூர். மில்லரின் ஆட்கள் கோடிகள் செலவழித்து நமீபியாவில் எடுத்த காட்சியை நான் பத்தாம் வகுப்புக்கு பஸ் ஏறும்போது தினமும் பார்த்திருக்கிறேன்.

ஓட்டுநர் பொம்மைக்கு ஆள் கிடைக்கவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஹெல்மெட் மாட்டிய சிப்பாய்கள். அப்பாவுக்குத் தெரிந்த மரச்சிற்பி ஒருவர் சின்னசேலம் பக்கம் இருந்தார். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பும் அவர்கள் கோயில் தேருக்கும் பூஜையறைக்கும் செதுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நாலரை சென்டிமீட்டரில் உட்கார்ந்த ஆள் வேண்டும் என்றதும் சிரித்தார். லுங்கி மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி, ஒரு காலை மடக்கி சீட்டில் வைத்த ஆள் வந்தான். முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை, ஒரு சரிவு மட்டும். "இந்த அளவுக்கு முகம் வெச்சா பொம்மையாப் பூடும், தம்பி" என்றார். உட்கார்ந்த ஆளுக்கு நான் கேட்ட உயரமும் அதிகம். அதையும் அவரே குறைத்திருந்தார். அவன் முதுகு வளைவைப் பார்த்தால் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரியும்.

பெயிண்ட் அடிப்பது மாடல்காரர்கள் பெருமையடித்துக்கொள்ளும் கட்டம். முதலில் ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடு. லேக்கர் தின்னர் கலந்தால் ஸ்டைரீன் இளகிப்போகும், டர்பன்டைன் கலந்தால் ஒன்றும் ஆகாது. அது காய்ந்த பிறகு லேசாக ஈரம் தொட்டு, துரு தெரிய வேண்டிய இடங்களில் கல்லுப்பை நுணுக்கித் தூவ வேண்டும். அதன்மேல் சைக்கிள் கடை நீலம் ஒரு பூச்சு. காய்ந்ததும் விரலால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, அது உட்கார்ந்திருந்த இடத்தில் அடியில் உள்ள சிவப்பு ஒழுங்கற்ற திட்டாகத் தெரியும். தூரிகையால் ஜென்மத்துக்கும் அப்படி வரைய வராது. ஆனால் எங்கே தூவுவது என்று உப்புக்குத் தெரியாது. மாடல்காரர்கள் பலர் வண்டி முழுக்கத் துருவேற்றிவிடுவார்கள். அண்ணனோடு ஒரு கரும்பு டிரெய்லரைச் சுற்றி வந்தபோதுதான் இடங்கள் புரிந்தன: வெல்டிங் ஓரம், தண்ணீர் தேங்கும் மடிப்பு, தொட்டி மூடியைச் சுற்றி தண்ணீர் சிந்தும் வட்டம், கயிறு உராயும் விளிம்பு. இஞ்சின் பக்கம் துருவே ஏறாது. எண்ணெய்ப் பிசுக்கு அதைக் காப்பாற்றும். அங்கே புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும். புழுதிக்கு எங்கள் ஏரி வண்டலையே வேட்டித் துணியில் சலித்துப் பயன்படுத்தினேன். அந்த வருஷம் ஏரி மண் எடுக்க உள்ளே நடந்தே போகலாம்.

பேட்டரி இல்லாமல் எப்படி ஸ்டார்ட் செய்வாய் என்பது அண்ணனுடைய இன்னொரு கேள்வி. செல்ஃப் செத்த டிராக்டரை எங்கள் ஊரில் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார்கள். காலையில் கல்லை எடுத்தால் உருண்டு, கியரில் விட்டால் பிடித்துக்கொள்ளும். அதனால் வண்டி நிற்கும் பலகையைத் தெர்மாகோலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் போட்டு மேடாக்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல் வைத்தேன். சைலன்சர் வாயில் மழைக்குக் கவிழ்க்கும் தகரக் குவளையும் வைத்தேன். மழையே இல்லாத ஊருக்கு எதற்கு என்று கேட்டான் தம்பி. டிராக்டர் வைத்திருக்கிறவன் அந்த நம்பிக்கையை விடமாட்டான்.

2024-ல் 'கல்கி 2898 ஏடி' படத்துக்காக ஓடுகிற வண்டியொன்றை நிஜ அளவில் செய்தார்கள். புஜ்ஜி என்று பெயர். இயக்குநர் நாக் அஸ்வின் ஆனந்த் மஹிந்திராவிடம் பொதுவெளியில் உதவி கேட்டு, கடைசியில் மஹிந்திரா பொறியாளர்களும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து கட்டினார்கள். எடை 6 டன். முன்னால் இரண்டு ராட்சத சக்கரம், பின்னால் உருண்டையாக ஒன்று, எல்லாம் மின்சாரத்தில். கோவை பட்டறைக்காரர்கள் செய்தது என்பதில் எனக்குப் பெருமைதான். போனில் வீடியோவை அண்ணனிடம் காட்டினேன். அந்த உருண்டைச் சக்கரத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "நல்லா பண்ணிருக்கானுவ. கரண்டு யாரு குடுப்பா?" என்றவர், என் வண்டிக்கும் ஒரு பாக்கி இருக்கிறது என்று நினைவுபடுத்தினார்.

இருக்கிறது. எங்கள் பக்கம் பூமிக்கடியில் கருங்கல். அதைத் துளைக்கும் சுத்தியல் அழுத்தமான காற்றில்தான் அடிக்கும். அந்தக் காற்றுக்கு ஒரு பெரிய கம்ப்ரசர் வேண்டும், கம்ப்ரசரையும் கம்பிகளையும் சுமக்க இன்னொரு லாரி வேண்டும். அதனால்தான் நிஜ ரிக் வண்டி எப்போதும் ஜோடியாக வருகிறது. கம்பம் நிமிர்ந்து நிற்கும் என் வண்டியால் தனியாக ஓரடிகூட இறங்க முடியாது. ஜோடி லாரிக்குச் சேஸ் தயார், கம்ப்ரசர் தொட்டிக்கு இருமல் மருந்து பாட்டில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், இஞ்சின் பிளாக் பாதியில் நிற்கிறது. சக்கரம் பத்து வேண்டும், எல்லாம் ஒரே கம்பெனி மூடியாக. அடுத்த தெருவில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.